குவிக்சில்வர் எப்படி இரண்டு பேர் ஆனார்?

2014இல் வந்த எக்ஸ்-மென் படத்தில் ஓர் இளைஞன் சமையலறைச் சுவரில் ஓடியபடியே, பாய்ந்துவரும் துப்பாக்கிக் குண்டுகளை விரலால் மெல்லத் தள்ளித் திசைமாற்றுவான். நடித்தவர் இவான் பீட்டர்ஸ். அடுத்த வருஷமே அவெஞ்சர்ஸ் வரிசையின் இரண்டாவது படத்தில் அதே வேகம், அதே வெளிறிய முடி. ஆனால் ஆள் வேறு, ஆரன் டெய்லர்-ஜான்சன். முதல் படத்தில் அவன் பெயர் பீட்டர், இரண்டாவதில் பியட்ரோ. முதல் படத்தில் அவெஞ்சர்ஸ் என்ற பேச்சே எழாது. இரண்டாவதில் ‘மியூட்டன்ட்’ (பிறவியிலேயே விசேஷ சக்தி உள்ளவர்; எக்ஸ்-மென் அப்படிப்பட்டவர்கள்தான்) என்ற சொல் யார் வாயிலும் வராது. மார்வெல் பதிப்பகத்தின் காமிக்ஸில் இருவரும் ஒரே ஆள்தான்: குவிக்சில்வர்.

படத்தை எத்தனை தடவை பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது, ஏனென்றால் விடை கதையில் இல்லை; ஒரு ஒப்பந்தத்தில் இருக்கிறது. சூப்பர்ஹீரோ உலகத்துக்குள் புதிதாக நுழைபவர்களைத் திணறடிக்கும் கேள்விகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஏன் இத்தனை ஸ்பைடர்மேன்கள்? செத்தவர்கள் ஏன் திரும்பி வருகிறார்கள்? தொண்ணூறு வயதை நெருங்கும் ஒரு தொடர் ஏன் திடீரென்று ‘இதழ் 1’ என்று வெளிவருகிறது? கதாசிரியர்களைக் குற்றம் சொல்வது எளிது. உண்மையில் இந்தக் குழப்பங்களில் பாதி அச்சகத்திலும் கடையிலும் நீதிமன்றத்திலும் பிறந்தவை. அதை ஒருமுறை புரிந்துகொண்டால் கதைகளை ரசிப்பதும் சுலபமாகிவிடும்.

## ‘உரிமை’ என்பது ஒன்றல்ல, மூன்று

செய்திகளில் ‘இந்தப் பாத்திரத்தின் உரிமை அந்த நிறுவனத்திடம் இருக்கிறது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன.

1. பதிப்புரிமை. எழுதப்பட்ட கதை, வரையப்பட்ட படம், அவற்றில் உருவான பாத்திரம் ஆகியவற்றைப் பிறர் நகலெடுக்காமல் காப்பது. இதற்குக் காலவரம்பு உண்டு.

2. வணிகச்சின்னம், அதாவது டிரேட்மார்க். பெயர், இலச்சினை போன்றவை ‘இது இந்த நிறுவனத்தின் சரக்கு’ என்று வாங்குபவருக்குக் காட்டும் அடையாளம். பயன்படுத்திக்கொண்டே இருக்கும்வரை இதற்கு முடிவே இல்லை. பயன்படுத்தாமல் விட்டால் போய்விடும்.

3. படமாக்கும் உரிமம். பதிப்பகம் ஒரு பாத்திரத்தை ஒரு ஸ்டூடியோவுக்கு நிபந்தனைகளோடு ‘வாடகைக்கு’ விடுவது. குறிப்பிட்ட காலத்துக்குள் படம் எடுக்காவிட்டால் உரிமம் பதிப்பகத்துக்கே திரும்பிவிடும் என்பது வழக்கமான நிபந்தனை.

இந்த மூன்றில் எங்குமே பாத்திரத்தைப் படைத்தவரைக் காணோம் என்பதைக் கவனியுங்கள். 1938இல் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரு இளைஞர்கள் சூப்பர்மேனின் முதல் கதையை, பாத்திரத்தின் உரிமையோடு சேர்த்து 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். பிறகு வழக்குமேல் வழக்காகப் போட்டும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 1975இல், பெரிய பட்ஜெட்டில் சூப்பர்மேன் படம் தயாராகிக்கொண்டிருந்த சமயத்தில் விஷயம் பத்திரிகைகளில் வெடித்தது. அதற்கப்புறம்தான் ஆளுக்கு வருடம் 20,000 டாலர் ஓய்வூதியமும், ‘படைத்தவர்கள்’ என்று பெயர் போடும் மரியாதையும் வந்தன. பேட்மேனை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்த பில் ஃபிங்கரின் பெயர் திரையில் வர 2015 ஆயிற்று. அவர் 1974லேயே இறந்துவிட்டார்.

### ஒரு பெயருக்கு நடந்த சண்டை

டிரேட்மார்க் எப்படிக் கதையையே வளைக்கும் என்பதற்கு கேப்டன் மார்வெலைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1940இல் ஃபாசெட் என்ற பதிப்பகம் அந்தப் பெயரில் ஒரு நாயகனைக் கொண்டுவந்தது. ஒரு சிறுவன் ‘ஷஸாம்’ என்று சொன்னால் மாவீரனாக மாறுவான். விற்பனையில் ஒரு கட்டத்தில் சூப்பர்மேனையே முந்தினான். சும்மா இருப்பார்களா? இன்று டிசி என்று நாம் அழைக்கும் நிறுவனம், ‘இது எங்கள் சூப்பர்மேனின் நகல்’ என்று வழக்குப் போட்டது. பல வருட இழுபறிக்குப் பிறகு 1953இல் ஃபாசெட் சமரசத்துக்கு வந்து அந்த நாயகனை நிறுத்திவிட்டது.

பெயர் அனாதையாகக் கிடந்தது. 1967இல் மார்வெல் நிறுவனம் அதைத் தன் புதிய பாத்திரம் ஒன்றுக்குச் சூட்டி டிரேட்மார்க்கையும் பிடித்துக்கொண்டது. 1972இல் டிசி, தான் வழக்குப் போட்டு ஒழித்த அதே பழைய நாயகனை ஃபாசெட்டிடமிருந்து உரிமத்துக்கு எடுத்தது! ஆனால் அட்டையில் ‘கேப்டன் மார்வெல்’ என்று தலைப்புப் போட வழியில்லை. ஆகவே இதழின் பெயர் ‘ஷஸாம்’ ஆயிற்று. காலப்போக்கில் நாயகனின் பெயரே அதுதான் என்று ஆகிவிட்டது. 2019 மார்ச்சில் ‘கேப்டன் மார்வெல்’ படமும் ஏப்ரலில் ‘ஷஸாம்’ படமும் ஒரு மாத இடைவெளியில் வந்தபோது, அவற்றுக்குப் பின்னால் இத்தனை பழைய பகை இருந்தது பார்த்தவர்களில் பலருக்குத் தெரியாது.

இதில் இன்னொரு நுணுக்கம். பயன்படுத்தாவிட்டால் டிரேட்மார்க் போய்விடும் அல்லவா? அந்தப் பெயரை மார்வெல் அடுத்தடுத்துப் பல பாத்திரங்களுக்குக் கொடுத்துக்கொண்டே வந்ததை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் புரியும். ‘சூப்பர்ஹீரோ’ என்ற சொல்லையே மார்வெலும் டிசியும் பல ஆண்டுகள் கூட்டாக டிரேட்மார்க்காக வைத்திருந்தன. 2024 செப்டம்பரில்தான் அமெரிக்க டிரேட்மார்க் அலுவலகம் அந்தப் பதிவுகளை ரத்து செய்தது.

## அட்டை வியாபாரம், திவால், அப்புறம் சினிமா

குவிக்சில்வர் பிரிந்த கதைக்கு வருவோம். அதன் வேர் சினிமாவில் இல்லை, காமிக்ஸ் கடையில் இருக்கிறது.

1970கள்வரை அமெரிக்காவில் காமிக்ஸ் பத்திரிகைக் கடைகளில் விற்றது. விற்காத பிரதிகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் ஃபில் சூலிங் என்ற வியாபாரி பதிப்பகங்களிடம் வேறொரு பேரம் பேசினார்: கூடுதல் தள்ளுபடி தாருங்கள், விற்காததைத் திருப்பித் தர மாட்டேன். காமிக்ஸ் மட்டுமே விற்கும் தனிக்கடைகள் பெருக இதுதான் வழி அமைத்தது. ஆனால் நஷ்டம் முழுவதும் கடைக்காரர் தலையில் விழுந்தது. மாதங்களுக்கு முன்பே எத்தனை பிரதி வேண்டும் என்று அவர் ஊகித்துச் சொல்ல வேண்டும். பதிப்பகத்துக்குக் கடைக்காரரின் ஆர்டர்தான் விற்பனைக் கணக்கு. வாசகர் வாங்கினாரா இல்லையா என்பது அப்புறம்.

‘இதழ் 1’ என்ற மோகம் இங்கிருந்து வருகிறது. 437ஆம் இதழைப் புதியவர் எடுக்கத் தயங்குவார். முதல் இதழ் என்றால் கடைக்காரரும் துணிந்து அதிகம் வாங்குவார், சேகரிப்பவரும் விட மாட்டார். 1991இல் எக்ஸ்-மென் புதிய தொடரின் முதல் இதழ் ஐந்து வேறு அட்டைகளோடு வந்தது. நான்கு அட்டைகளை அருகருகே வைத்தால் ஒரே பெரிய ஓவியம் ஆகும். ஐந்தாவதில் அந்த முழு ஓவியமும் மடிப்பாக இருக்கும். எண்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. பின்னாளில் விலை ஏறும் என்று ஒருவரே பல பிரதிகள் வாங்கிப் பாலிதீன் உறையில் போட்டுப் பூட்டிவைத்தார்கள். பழைய காமிக்ஸுக்கு விலை ஏறியது அவை அரிதாகிப்போனதால்தானே? எல்லோரும் பத்திரப்படுத்திய ஒரு பொருள் எப்படி அரிதாகும்? அந்த எளிய கணக்கு உறைக்கச் சில வருடங்கள் ஆயின. அப்புறம் சந்தை சரிந்தது, கடைகள் மூடப்பட்டன, வேறு பல தவறான முடிவுகளும் சேர்ந்து 1996 டிசம்பரில் மார்வெல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது.

பணத்தட்டுப்பாட்டில் இருந்த ஒரு நிறுவனத்திடம் விற்கக்கூடியதாக இருந்தவை பாத்திரங்களே. சில உரிமங்கள் திவாலுக்கு முன்பே போயிருந்தன, சில பின்னால் போயின:

1. எக்ஸ்-மென், அதோடு ‘மியூட்டன்ட்’ என்ற கருத்தும் ஃபாக்ஸ் ஸ்டூடியோவுக்கு. ஃபென்டாஸ்டிக் ஃபோரும் பிறகு ஃபாக்ஸ் வழியாகவே திரைக்கு வந்தது.
2. ஸ்பைடர்மேன், பல கைகள் மாறிய வழக்குகளுக்குப் பின் சோனிக்கு.
3. ஹல்க் யூனிவர்சலுக்கு. பிற்பாடு பாத்திரத்தைப் பயன்படுத்தும் உரிமை மார்வெலுக்குத் திரும்பியும், தனிப்படத்தை விநியோகிப்பதில் யூனிவர்சலின் பிடி நீடித்தது.

மீந்தது யார்? அன்று பொதுமக்களிடம் அவ்வளவு பிரபலம் இல்லாத அயர்ன் மேன், தோர் போன்றவர்கள். 2005இல் மார்வெல் தன் பத்துப் பாத்திரங்களின் பட உரிமையை அடமானமாகக் காட்டி 525 மில்லியன் டாலர் கடன் ஏற்பாடு செய்துகொண்டு தானே படம் எடுக்க இறங்கியது. படங்கள் தோற்றிருந்தால் அந்த உரிமையும் போயிருக்கும். 2008இல் முதல் படம் ஓடியது. 2009இல் ஏறக்குறைய 4 பில்லியன் டாலருக்கு டிஸ்னி மார்வெலையே வாங்கியது.

இப்போது குவிக்சில்வர். காமிக்ஸில் அவர் எக்ஸ்-மென்னின் எதிரியான மேக்னெட்டோவின் மகன், ஒரு மியூட்டன்ட். ஆகவே ஃபாக்ஸ் பக்கம். அதே சமயம் 1965 முதலே அவெஞ்சர்ஸ் அணியிலும் இருந்தவர். ஆகவே மார்வெல் பக்கம். இரு தரப்பும் ஒரு நடுவழிக்கு வந்தன: இருவரும் பயன்படுத்தலாம், ஆனால் ஒருவர் அவெஞ்சர்ஸ் பற்றியும் மற்றவர் மியூட்டன்ட் பற்றியும் மூச்சுவிடக் கூடாது. அக்கா தங்கை வீட்டுக்கு மாறி மாறிப் போகும் பாட்டி, அங்கே நடந்ததை இங்கே சொல்லாமல் இருப்பது போல. அந்தப் படங்கள் வந்த அதே காலகட்டத்தில், காமிக்ஸிலும் ‘இவர் மேக்னெட்டோவின் மகனே அல்ல’ என்று கதை மாற்றப்பட்டது. தற்செயல் என்று நம்பக் கொஞ்சம் நல்ல மனசு வேண்டும்.

2019இல் ஃபாக்ஸின் திரைப்படப் பிரிவையும் டிஸ்னி வாங்கியதோடு அந்தத் தடை தீர்ந்தது. 2021இல் டிஸ்னியின் தொடர் ஒன்றில் பியட்ரோவாகக் கதவைத் தட்டி நின்றவர் பழைய ஃபாக்ஸ் நடிகர் இவான் பீட்டர்ஸ். பின்னணி தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும் குறும்பு அது.

ஸ்பைடர்மேன் இன்னும் சோனியிடம்தான். 2015இல் சோனியும் மார்வெலும் செய்துகொண்ட ஏற்பாட்டால் அவர் அவெஞ்சர்ஸ் பக்கம் வர முடிந்தது. 2019 ஆகஸ்டில் ‘ஒப்பந்தம் முறிந்தது’ என்று வந்த செய்தி இந்த ஏற்பாட்டைப் பற்றியது. அடுத்த மாதமே மறுபடி கைகோத்தார்கள். சோனி இந்த வரிசையை அதிக இடைவெளி விடாமல் எடுத்துக்கொண்டே இருப்பதற்கும் மேலே சொன்ன ‘எடுக்காவிட்டால் திரும்பிவிடும்’ நிபந்தனைக்கும் தொடர்பு உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஃபென்டாஸ்டிக் ஃபோர் உரிமம் கைநழுவாமல் இருக்கவென்றே மலிவாக ஒரு படம் எடுத்தார்கள். அது அதிகாரப்பூர்வமாகத் திரைக்கு வரவே இல்லை.

## ஏன் இத்தனை உலகங்கள்?

சினிமாவில் மல்டிவெர்ஸ், அதாவது பல இணை உலகங்கள், இப்போது சலித்துப்போன உத்தி. அது பிறந்த விதம் மட்டும் அழகானது.

ஃப்ளாஷ் என்ற வேகநாயகன் 1940இல் அறிமுகமானபோது அவர் பெயர் ஜே கேரிக். போருக்குப் பின் சூப்பர்ஹீரோ மோகம் வடிந்து இதழ் நின்றது. 1956இல் அதே பட்டத்தோடு புதிய ஆளாக பேரி ஆலன் வந்தார். அவர் கதையில் பழைய ஃப்ளாஷ் வெறும் காமிக்ஸ் பாத்திரம். பேரி அந்த இதழைப் படித்துக்கொண்டிருப்பதையே வரைந்திருந்தார்கள். சரி, பழைய ரசிகர்கள் இருவரையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்பட்டால்? 1961இல் பேரி வேறொரு பூமிக்குப் போய் ஜே கேரிக்கை நேரில் சந்திக்கிறார். அப்படியானால் பேரியின் பூமியில் ஜே எப்படிக் காமிக்ஸாக வந்தார்? அந்தக் கதைகளை எழுதிய கார்ட்னர் ஃபாக்ஸ் தூங்கும்போது அடுத்த பூமியின் அதிர்வுகள் அவர் மூளைக்கு எட்டின, அதைத்தான் கதையாக எழுதினார் என்கிறார் பேரி. அந்த இதழை எழுதியவரும் அதே கார்ட்னர் ஃபாக்ஸ்தான்.

ஒரு பூமி இரண்டாகி, பிறகு கணக்கில்லாமல் பெருகின. புது வாசகருக்குத் தலைசுற்றும் என்று 1985–86இல் பன்னிரண்டு இதழ்த் தொடர் ஒன்றில் டிசி எல்லாப் பூமிகளையும் ஒன்றாக்கியது. காலப்போக்கில் அவை மறுபடி முளைத்தன. 2011இல் 52 தொடர்களையும் ஒரேயடியாக முதல் இதழிலிருந்து தொடங்கினார்கள். சுத்தம் செய்யும் ஒவ்வொரு முயற்சியும் புதிதாக ஒரு குப்பைக்கூடையை விட்டுச்செல்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் சொற்கள் மூன்று:

1. ரீபூட்: பழையதை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குவது.

2. ரெட்கான்: பழைய கதை நடந்தது நடந்ததுதான், ஆனால் நாம் புரிந்துகொண்டது தவறு என்பது. 1980இல் எக்ஸ்-மென் அணியின் ஜீன் கிரே ஒரு நட்சத்திரத்தை விழுங்கி, பல கோடி உயிர்கள் வாழ்ந்த ஒரு கிரகத்தை அழித்துவிடுகிறார். இவ்வளவு பெரிய குற்றத்துக்குத் தண்டனை இல்லாமல் விட முடியாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் சொல்ல, வரைந்து முடித்திருந்த முடிவை மாற்றி ஜீனைச் சாகடித்தார்கள். 1986இல் அவர் திரும்பத் தேவைப்பட்டார். எப்படி? அழித்தது ஜீனே அல்ல, அவர் உருவம் எடுத்த ஒரு சக்தி. உண்மையான ஜீன் நியூயார்க்கின் ஜமைக்கா விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தார்!

3. நகரும் காலம்: நாயகர்களுக்கு வயது ஏறாமல் இருக்க, பின்கதையின் ஆண்டு நம்மோடு சேர்ந்து நகர்வது. 1962இல் பள்ளி மாணவனாக இருந்த ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கர் நம்மைப் போல் வளர்ந்திருந்தால் இப்போது எண்பதை நெருங்கியிருப்பார். 1963இல் அயர்ன் மேன் உருவானது வியட்நாமில். 2008 படத்தில் ஆப்கானிஸ்தானில்.

சில மாற்றங்களுக்கு இவ்வளவு யோசனைகூடக் கிடையாது. 1962இல் ஹல்க் முதல் இதழில் சாம்பல் நிறம். அன்றைய அச்சில் அந்தச் சாம்பல் ஒரு பக்கத்தில் கறுப்பாகவும் இன்னொரு பக்கத்தில் வெளுப்பாகவும் விழுந்தது. இரண்டாவது இதழில் பச்சையாக்கிவிட்டார்கள்.

இதிலிருந்து வாசகருக்குக் கிடைக்கும் நடைமுறை வழி ஒன்றுதான்: இதழ் எண்ணைப் பின்தொடராதீர்கள், எழுத்தாளரைப் பின்தொடருங்கள். ஒரே எழுத்தாளர் தொடர்ந்து எழுதிய பகுதியை ‘ரன்’ என்பார்கள். அது பெரும்பாலும் தன்னளவில் முழுமையான கதை. தொகுப்பு நூலாக வாங்கினால் போதும். ‘டை-இன்’ என்று வரும் துணை இதழ்களைத் தயங்காமல் தள்ளிவிடலாம்.

## ரசிகர் கூட்டம் எங்கிருந்து வந்தது?

இதையும் ஒரு அச்சு வசதிதான் தொடக்கிவைத்தது. 1960களின் தொடக்கத்தில் டிசி ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் வாசகர் கடிதப் பக்கத்தில் எழுதியவரின் முழு முகவரியையும் அச்சிட்டார். கடிதம் போட்டவர்கள் ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினார்கள். கையால் உருட்டி அச்சிட்ட ரசிகர் இதழ்கள் வந்தன. 1964இல் நியூயார்க்கில் சிறிய மாநாடு கூடியது. 1970இல் சான் டியாகோவில் ஒரு ஓட்டலில் சுமார் 300 பேர் கூடினார்கள். இன்று அந்த நிகழ்வுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் வருகிறார்கள். வேடமணிதல் அதற்கும் மூத்தது: 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கே ஃபாரஸ்ட் அக்கர்மனும் மர்ட்டில் டக்ளஸும் எதிர்கால உடையில் வந்தார்கள். உடைகளைத் தைத்தவர் டக்ளஸ்.

பெரிய மாநாடுகள் இப்போது ஸ்டூடியோக்களின் விளம்பர மேடை. ரசிகராகப் பழகுவதற்குச் சிறிய கூட்டங்களே தோது: ஒரு நூலக அறை, ஒரு கடையின் பின்பகுதி, வாடகைக் கூடம். ஓவியர் மேசையில் நின்று அவர் பென்சிலால் ஒரு முகம் வரைவதைப் பத்து நிமிஷம் பார்க்கலாம். இரட்டைப் பிரதிகளை மாற்றிக்கொள்ளலாம். 2002 மே 4 அன்று, ஸ்பைடர்மேன் படம் வெளியான மறுநாள், ‘இலவச காமிக்ஸ் தினம்’ முதல்முறை நடந்தது. இலவசம் வாசகருக்குத்தான், அந்தப் பிரதிகளுக்குக் கடைக்காரர் பணம் கொடுக்கிறார். போனால் வேறு ஏதாவது ஒன்றை வாங்கிவிட்டு வருவது நல்ல பழக்கம்.

உரிமைச் சட்டம் இந்தக் கூட்டங்களுக்குள்ளும் வருகிறது:

1. ரசிகர் ஓவியம். பேட்மேனை வரைந்து மேசையில் விற்பது சட்டப்படி உரிமையாளரின் அனுமதி தேவைப்படும் செயல். நிறுவனங்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை, விளம்பரம்தானே. ஆனால் கண்டுகொள்ளாமல் இருப்பது அனுமதி ஆகாது. கோஸ்ட் ரைடரை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி ஃப்ரீட்ரிக், பாத்திரத்தின் உரிமை கேட்டு மார்வெல்மீது வழக்குப் போட்டார். மாநாடுகளில் அந்தப் பாத்திரத்தை வைத்துப் பொருட்கள் விற்றதற்கு 17,000 டாலர் கொடு என்று மார்வெல் எதிர்வழக்கில் கேட்டது. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறி, பிறகு சமரசம் ஆனது.

2. படம் போடுவது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கும் ஸ்ட்ரீமிங் கணக்கும் வீட்டில் பார்ப்பதற்கு. கூடத்தில் பலர் பார்க்கத் திரையிடத் தனி உரிமம் வேண்டும், டிக்கெட் வைக்காவிட்டாலும்.

3. காஸ்பிளே, அதாவது பாத்திரங்களைப் போல வேடமணிதல். உடை தைத்து அணிவதில் பொதுவாகச் சிக்கல் எழுவதில்லை. சிக்கல் மனிதர்களிடம்தான். கேட்காமல் படமெடுக்காதீர்கள், தொடாதீர்கள் என்று அறிவிப்புப் பலகை வைக்கும் வழக்கம் 2010களில் பெரிய மாநாடுகளில் பரவியது. சிறிய கூட்டங்களுக்கும் அது அவசியம். எல்லோரும் தெரிந்தவர்கள் என்பதால் அங்கே இன்னும் அவசியம்.

## 2034 ஜனவரி 1

அமெரிக்கச் சட்டப்படி 1938இல் வெளியான படைப்புக்கு 95 ஆண்டுகள் பாதுகாப்பு. அது 2033 முடிய ஓடி, மறுநாள் சூப்பர்மேனின் முதல் கதை பொதுச்சொத்து ஆகும். அடுத்த ஆண்டு பேட்மேன். மிக்கி மவுஸின் முதல் வடிவத்துக்கு 2024இல் நடந்தது இதுவே.

பொதுச்சொத்தாவது 1938இன் சூப்பர்மேன் மட்டும்தான். அவருக்குப் பறக்கத் தெரியாது; எட்டில் ஒரு மைல் தாவுவார், ரயிலைவிட வேகமாக ஓடுவார், அவ்வளவே. காதலி லோயிஸ் லேன் உண்டு. எதிரி லெக்ஸ் லூதர் 1940இல் வந்தவர், ஆகவே கிடையாது. அவரைப் பலவீனப்படுத்தும் கிரிப்டோனைட் கல்லும் கிடையாது. மார்பில் உள்ள எழுத்துச் சின்னமும் பெயரும் டிரேட்மார்க்காகத் தொடரும். டிசியின் சரக்கு என்று எண்ணவைக்கும்படி அவற்றை அட்டையில் போட முடியாது. இது அமெரிக்கக் கணக்கு. படைத்தவர் இறந்த ஆண்டிலிருந்து எண்ணும் நாடுகள் பல; ஷஸ்டர் இறந்தது 1992இல், சீகல் 1996இல். அவற்றில் சிலவற்றில் இன்னும் பல பத்தாண்டுகள் பாக்கி. ஒரே ஓவியத்தை ஒரு நாட்டின் ரசிகர் கூட்டத்தில் தாராளமாக விற்கலாம், இன்னொரு நாட்டுக்குத் தபாலில் அனுப்பினால் உரிமை மீறல் என்ற நிலை அன்று வரும்.